இரட்சிப்பும் கிரயமும்: பொருநை நாட்டு வரலாறு தரும் பாடம்

அடகு வைத்த நகையை மீட்கிறோம்; ஒற்றி வைத்த வயலை மீட்கிறோம். பிறர் கையில் அகப்பட்ட ஒன்றை, உரிய தொகை கொடுத்து, உரியவரிடம் திரும்பச் சேர்ப்பதே மீட்பு எனப்படும். கிறிஸ்தவ மறையின் நடுநாயகமான கருத்தைக் குறிப்பதற்கு நம் திருச்சபைகள் இத்தகைய சொற்களையே தேர்ந்து கொண்டன. கத்தோலிக்கர் மீட்பு என்பர். சீர்திருத்தச் சபையார் இரட்சிப்பு என்பர். மாந்தரை விடுவிக்கக் கிறிஸ்து தம் உயிரையே ஈடாகக் கொடுத்தார் என்று கூறுமிடத்துத் தமிழ் வேதாகமம் ‘கிரயம்’ என்னும் சொல்லையும் ஆளுகின்றது. நிலம் விற்போரும் வாங்குவோரும் பத்திரத்தில் எழுதும் சொல் அது.

அக்கிரயம் முற்றாகச் செலுத்தப்பட்டு விட்டது, மனிதன் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை, விசுவாசித்தலே போதும் என்பது மறையின் போதனை. ஆயினும் பொருநை பாயும் நெல்லைச் சீமையில் அப்போதனையை ஏற்ற எளிய மக்கள், ஏற்ற நாளிலிருந்தே விலை கொடுத்து வந்திருக்கின்றனர். ஆலயப் பதிவேட்டில் ஞானஸ்நானம் பெற்ற நாள் எழுதப்பட்டிருக்கும். பெற்றவர் இழந்தது எழுதப்பட்டிராது. எழுதப்படாத அக்கணக்கை ஒருவாறு கூட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நஞ்சையும் தேரியும்

பொதிகையில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளி கண்டு, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளால் இருகரையையும் நஞ்சையாக்கிய ஆறு. காரும் பிசானமும் விளையும் அவ்வயல்களின் உரிமை பெரும்பாலும் கோயில்களிடத்தும், பிராமண, வேளாள மிராசுதாரரிடத்தும் இருந்தது. உழைப்போ பள்ளர், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்களுடையது. அவர் குடியிருந்த சேரியின் மனையும் மிராசுதாரருக்கே உரியது. களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லே கூலி. அடிமை ஓலை எழுதி, ஆளை நிலத்தோடு சேர்த்தும் நிலத்தினின்று பிரித்தும் விற்கும் வழக்கம் தமிழகத்தின் நஞ்சை நாடுகளில் நிலவியது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றங்கள் தந்து வந்த ஏற்பை நீக்கியது. அடிமைகளை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமாவதற்கு, 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனித் தென்கிழக்கே நோக்குவோம். அங்கே செம்மணல் தேரியும் பனங்காடும் மானாவாரி நிலமும் பரந்து கிடக்கின்றன. அங்கு வாழ்ந்த நாடார் பெருமக்களும் அந்நாளில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டவரே. எனினும் ஏறுவதற்குச் சில பனைகளும் ஒதுங்குவதற்குச் சிறிது வெற்றிடமும் அவருட் பலருக்கு இருந்தன.

முதலூர், நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி எனப் பெரும் சபைகள் வளர்ந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். அவை பெரும்பாலும் இப்பனை நாட்டைச் சார்ந்தவை. ஆற்றங்கரை நஞ்சை ஊர்களில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. ஆற்றங்கரைச் சேரிகளில் விசுவாசம் குறைந்திருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அங்கே விசுவாசத்தின் விலை மிகுதி என்பதே பொருள். மனையும் கூலியும் உடலும் ஒரே ஆண்டையின் பிடியில் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வேலைக்கு வாரேன் என்று சொல்வதற்குக் கூட ஒருவன் தன் அடுப்பையும் கூரையையும் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

அடைக்கல ஊர்கள்

பாளையங்கோட்டையில் 1778ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையார் பிராமண குலத்துக் கைம்பெண். அவர் கட்டிய சிற்றாலயம் 1785இல் எழுந்தது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் காணப்படுகின்றனர். பல சாதியினரும் அதில் அடுத்தடுத்து இடம்பெற்றனர். ஏட்டில் ஒரே பக்கத்தில் எழுதப்பெற்றவர் ஊரில் ஒரே தெருவில் வாழ முடிந்ததா என்பது வேறு கேள்வி.

அக்கேள்விக்கு விடையாகத் தோன்றியவையே அடைக்கல ஊர்கள். தாவீது சுந்தரானந்தம் என்னும் நாடார் குல இளைஞர் சுவிசேஷத்தை ஏற்றுத் தம் உறவினரிடையே பரப்பினார். எதிர்ப்பு மூண்டது. ஏற்றவர்கள் தம் ஊர்களில் வாழ இயலாது போகவே, 1799இல் சாத்தான்குளத்துக்கு அருகில் நிலம் வாங்கப்பட்டு இருபத்தெட்டுப் பேர் குடியேறினர். கிறிஸ்தவர்க்கென அமைந்த முதல் ஊராதலின் அது முதலூர் எனப் பெயர் பெற்றது. தாவீது இளவயதிலேயே இறந்தார். அவர் நஞ்சூட்டப்பட்டார் என்பது வழிவழி வரும் செய்தி.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இச்சிக்கலின் வேரைக் கண்டவர். புதிதாக விசுவாசத்தை ஏற்ற ஏழையை நிலவுடைமையாளர் அடித்து விரட்ட வேண்டுவதில்லை. மனையைக் காலி செய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆதலின் 1830இல் தர்ம சங்கம் என்னும் அமைப்பு உருவாகியது. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்க்கு நிலமும் மனையும் வாங்கித் தருவது அதன் பணி. அதற்கு முன்னரே, 1827இல், பிரஷிய நாட்டுப் பிரபு தோனா என்பார் அனுப்பிய கொடையைக் கொண்டு நிலம் வாங்கி நிறுவப்பட்ட ஊரே தோனாவூர். ஆன்ம இரட்சிப்பைப் போதிக்க வந்தவர் மனைப்பட்டாவைத் தேடி அலைந்தார் என்பது கவனிக்கத் தக்கது. நிற்க ஓர் அடி நிலம் இல்லாதவனுக்கு நற்செய்தி நிலைக்காது என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்தது.

எதிர்ப்பும் அமைப்பாகத் திரண்டது. 1840களில் விபூதி சங்கம் என்னும் பெயரில் கூடியோர் கிறிஸ்தவரைத் தாய்மதம் திரும்பும்படி வற்புறுத்தினர். 1845இல் நல்லூர் வட்டாரத்தில் கிறிஸ்தவரின் வீடுகள் தாக்கப்பட்டன. உடைமைகள் கொள்ளை போயின.

மயிலாடி மகாராசன்

தலித் மக்களின் வரலாற்றில் இக்கணக்கின் தலைப்பக்கத்தில் எழுதத்தக்க பெயர் ஒன்று உண்டு. அது மயிலாடி மகாராசன் என்னும் வேதமாணிக்கம். மயிலாடி அந்நாளில் தென் திருவிதாங்கூரைச் சார்ந்தது. 1956 முதல் தமிழகத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. எனினும் அவர் வரலாறு பாளையங்கோட்டையோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்தது.

சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் இறைவேட்கை மிக்கவர். அவ்வேட்கை அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றது. அதே தில்லைக்கு முன்னொரு காலத்தில் ஆதனூரிலிருந்து புறப்பட்டவரை நாம் அறிவோம். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கி நின்ற நந்தனார், இறுதியில் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லையம்பலத்துள் நுழைந்தார் என்று புராணம் பேசும். முக்தியின் விலையாக அவரிடம் கேட்கப்பட்டது அவருடைய உடம்பு. பிறர்க்கு இலவசமாய்த் திறந்திருந்த வாயில் அது.

மகாராசன் தஞ்சையில் கோல்ஹாஃப் ஐயரின் போதனையைக் கேட்டு, 1799ஆம் ஆண்டளவில் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். பிறந்த ஊரில் அவருக்கு வாய்த்தது வரவேற்பன்று. உறவினரும் ஊராரும் இகழ்ந்தனர், துன்புறுத்தினர். மயிலாடியைத் துறந்து வேறிடம் போய்விடலாமா என்று எண்ணுமளவுக்கு நெருக்கடி முற்றியது. இந்நிலையிலேதான் இலண்டன் மிஷனைச் சார்ந்த ரிங்கல்தௌபே ஐயர் அவருடைய வேண்டுகோளுக்கு இணங்கினார். 1806இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஐயர், அவ்வாண்டே மலையைக் கடந்து மயிலாடி சேர்ந்தார். ஆலயம் கட்டத் திருவிதாங்கூர் அரசின் அனுமதி எளிதில் கிட்டவில்லை. வேலுத்தம்பியின் போராட்டத்தால் நாடு கலங்கிய காலம் அது. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலேயின் உதவியோடு, 1809இல் ஆலயம் எழுந்தது. பள்ளியும் உடன் எழுந்தது.

1816இல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து நாட்டை விட்டுச் சென்றார். மீட் ஐயர் வந்து பொறுப்பேற்கும் வரையில் சபைகளைத் தாங்கி நின்றவர் வேதமாணிக்கமே. சேரிப் பிள்ளைகளை எழுத்தறிவின்றி வைத்திருந்த காலத்தில், சாம்பவர் ஒருவர் ஒரு நாட்டுச் சபையையே வழிநடத்தினார். ரேனியஸ் பெயரையும் கால்டுவெல் பெயரையும் அறிந்த நம் மாணவருள் எத்துணைப் பேர் வேதமாணிக்கத்தின் பெயரை அறிவர்? மறக்கப்படுதலும் ஒரு விலையே.

மறுத்தவற்றின் விலை

திருவிழாக் காலத்தில் தேர் வடம் பிடிக்க ஊர் மக்களைக் கட்டாயப்படுத்துவது அக்காலத்து வழக்கம். கம்பெனியின் அதிகாரிகளும் அதற்குத் துணை நின்றனர். கோயில் காரியங்களில் அரசு இவ்வாறு ஈடுபடுவதை ஏற்காமல் சென்னைப் படைத்தலைவர் சர் பெரிகிரின் மெயிட்லண்ட் 1838இல் பதவி துறந்தார். அவர் துறந்தது உயர்ந்த பதவியை. எனினும் அவருக்குக் கப்பலேறிப் போக ஒரு தாய்நாடு இருந்தது. வடம் பிடிக்க மாட்டேன் என்ற ஏழைக் கிறிஸ்தவனுக்கோ மறுநாளும் அதே ஊர்தான்.

பறையறைதல் குலத்தொழிலாகச் சுமத்தப்பட்டவர், சாவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் பறை கொண்டு வர மறுத்தபோது, பழம்படி நெல்லையும் ஊரின் தயவையும் ஒருங்கே இழந்தனர். மிஷன் கட்டுப்பாடு அப்பறையை ஆலயத்துக்குள்ளும் அனுமதிக்கவில்லை. இழிவைத் துறந்தபோது இசையையும் துறக்க நேர்ந்தது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு ஐயர் போன்றோர் பிற்காலத்தில் கிராமிய இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தனர். இழந்ததை மீட்டுக்கொண்டதற்கு அது ஒரு சான்று.

1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில் நெல்லைச் சீமையின் மக்கள் ஆயிரக்கணக்கில் சபைகளை நாடி வந்தனர். அவர்களைச் ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்று எள்ளினோர் உண்டு. இவ்வேளனத்துக்கு மறுமொழி கூற வேண்டும். வயிறு நிறைந்தவன் ஆன்ம ஈடேற்றத்தை மட்டும் தேடலாம். பசித்தவனுக்குச் சோறும் ஈடேற்றத்தின் ஒரு பகுதியே. பஞ்சம் தீர்ந்த பின்னும், ஊராரின் பகையைத் தாங்கிக்கொண்டு சபையிலே நிலைத்தவர் பலர். சோறு மட்டுமே காரணமாயின், சோறு நின்றதும் திரும்பியிருப்பர். மேலும், களத்து நெல்லுக்காக ஆண்டையின் தெய்வத்தை வணங்கியவனை எவரும் ‘சோற்றுப் பக்தன்’ என்று எள்ளியதில்லை என்பதும் எண்ணத் தக்கது.

ஆலயத்துள் எழுந்த சுவர்

வெளியார் கேட்ட விலையை இதுவரை கண்டோம். உள்ளே கேட்கப்பட்ட விலையையும் மறைத்தலாகாது. ரேனியஸ் தம் செமினரியில் எல்லா மாணவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று விதித்தபோது, உயர் சாதிப் பிள்ளைகள் உடன்படவில்லை. அவர் விதியைத் தளர்த்தவில்லை. அவ்வுறுதி பின்வந்தோர் எல்லோரிடத்தும் இருந்ததென்று சொல்ல இயலாது.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், கத்தோலிக்கரின் பழம்பதியாகிய வடக்கன்குளம் இதற்கு இரு பக்கமும் காட்டும் ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராய் இருந்த நீலகண்டன் என்பார் 1745இல் இங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்ந்தோர் எனப்பட்டவரோடு வேறுபாடின்றிப் பழகியது அவர் மீது சுமத்தப்பட்ட குறைகளுள் ஒன்று. பதவி பறிக்கப்பட்டு, எருமை மீதேற்றி இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது.

அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. வேளாளர் ஒரு புறம், நாடார் முதலிய பிறர் மறு புறம், இடையே சுவர். கால்சட்டை வடிவிலான கோயில் என்று பிறர் நகைத்தனர். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்கள் வெல்லவில்லை. அவ்வழக்கில் தலித் கிறிஸ்தவர் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். இரு சாதியாரின் உரிமை ஆராயப்பட்ட இடத்தில் மூன்றாமவர் பேச்சே எழவில்லை.

தமிழகத்தின் பல ஊர்களில் தனிக் கல்லறையும் தனித் தெருவும் நீடித்தன. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் உண்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1981இல், அன்று நெல்லை மாவட்டத்தைச் சார்ந்திருந்த மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே திகைத்தது. மதிப்பைத் தேடும் மக்கள் ஏன் திருச்சபையின் வாயிலைத் தட்டவில்லை என்று நம் சபைகளுள் எத்தனை தம்மைத்தாமே கேட்டுக்கொண்டன?

அரசு கேட்கும் விலை

விடுதலை பெற்ற இந்தியாவில் இக்கணக்கில் புதிய பற்று ஒன்று ஏறியது. 1950 ஆகஸ்டில் வெளியான அட்டவணைச் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைச் சார்ந்தவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படார் என்று விதித்தது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் இவ்விதி தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவர்க்கும் இஸ்லாமியர்க்கும் தளர்த்தப்படவில்லை. சென்னையில் காலணி தைத்துப் பிழைத்த தலித் கிறிஸ்தவர் ஒருவர், தம்மைப் போன்ற தொழிலாளிக்கு அரசு தந்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மட்டும் மறுக்கப்பட்டதென்று முறையிட்டார். 1985இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்பது அதன் காரணம்.

தமிழ்நாட்டரசு கிறிஸ்தவ ஆதிதிராவிடரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்துள்ளது. கல்வி உதவித்தொகை போன்ற சிலவற்றையும் அவர்க்கு நீட்டித்தது. ஆயினும் அட்டவணைச் சாதியினர்க்குரிய இடஒதுக்கீடும், தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் அவர்க்கு எட்டாதவை. இரங்கநாத மிஸ்ரா ஆணையம் 2007இல் அம்மூன்றாம் பத்தியை நீக்குமாறு பரிந்துரைத்தது. 2022இல் மத்திய அரசு கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் வேறோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப் பேரவை இவ்வுரிமையைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இதன் விளைவு யாது? ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என இரட்டை வாழ்வு. கல்லூரி வாசலில் நிற்கும் மகனுக்காகத் தன் நம்பிக்கையைத் தாளில் மறைக்கும் தந்தையைப் பொய்யன் என்று பழிப்போர், அவனை அந்நிலையில் நிறுத்திய விதியைப் பழிப்பதில்லை.

சிலுவையும் சுமையும்

இத்துணை இழப்புகளையும் கேட்டபின், இவையெல்லாம் விசுவாசி சுமக்க வேண்டிய சிலுவை என்று ஆறுதல் கூறுவாருளர். இக்கூற்றை நாம் ஏற்றல் தகாது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர், 1937இல் வெளியிட்ட தம் நூலில், மலிவான கிருபை என்றும் விலைமிக்க கிருபை என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டினார். சீடனாய் நடக்க மனமின்றி மன்னிப்பை மட்டும் பெற விரும்புவது முன்னது. வாழ்வையே கேட்பது பின்னது. அவர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பட்டார். அவர் கொடுத்த விலை அவரே தேர்ந்தது.

இவ்வேறுபாட்டை நம் மண்ணில் வைத்து நோக்குவோமாக. தேவசகாயம் பதவியைத் துறந்தது சிலுவை. வேதமாணிக்கம் ஊராரின் இகழ்ச்சிக்கு அஞ்சாது நின்றது சிலுவை. வடம் பிடிக்க மறுத்தவன் பட்ட அடியும், அவன் தன் நெஞ்சறிய ஏற்றதாதலின், சிலுவையே. ஆனால் மனையைப் பறித்த மிராசுதாரன் கேட்ட விலையும், சுவர் எழுப்பிய சபை கேட்ட விலையும், உரிமை மறுத்த ஆணை கேட்ட விலையும் சிலுவையல்ல. அவை பிறர் எளியவன் தலையில் ஏற்றிய சுமை. சிலுவை தானே விரும்பி எடுப்பது. சுமை இறக்கப்பட வேண்டியது. சுமையைச் சிலுவை என்று போதிப்பவன், ஏற்றியவனுக்குத் துணை போகிறான். அப்போதனையே மலிவான கிருபை. ஏனெனில் அதன் விலையைப் போதிப்பவன் கொடுப்பதில்லை.

கிரயம் கொடுத்து வாங்கப்பட்டவன் இனி ஒருவருக்கும் அடிமையல்லன் என்பதே மறையின் உட்பொருள். அடிமை ஓலையில் ஆள் விலை எழுதப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் நாம். அவ்வோலை கிழிக்கப்பட்டு விட்டது என்னும் செய்தியையே நம் முன்னோர் இரட்சிப்பு என்னும் சொல்லில் கேட்டனர். ஆதலின்தான் ஆலயத்தின் பக்கத்திலேயே பள்ளியையும் கேட்டனர். தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவனிடம் பொய் ஓலையில் கைந்நாட்டு வாங்குதல் அரிது. பாளையங்கோட்டையைக் கல்விக்குப் பெயர் பெற்ற நகராக்கிய கல்லூரிகளின் பெருமையை நாம் போற்றுவோம். அவற்றின் வாயில்களில் நம் பிள்ளைகள் எத்துணைக் காலம் கழித்து நுழைந்தனர் என்பதையும் மறவாதிருப்போம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் செய்துவரும் பணி இம்மீட்பின் தொடர்ச்சியே. கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்குச் செலுத்தும் ஒவ்வொரு தொகையும், அடகிலிருந்து மீட்கும் பணமாகும். அப்பணி இனி இரு கடமைகளையும் மேற்கொள்ளல் வேண்டும். மூத்தோர் நினைவிலுள்ள குடும்ப வரலாறுகளை, எந்த மனை இழக்கப்பட்டது, எந்தக் கூலி நிறுத்தப்பட்டது என்பது வரை, எழுதிச் சேர்த்தல் ஒன்று. அரசாணைக்கும் ஆலயச் சுவருக்கும் எதிராக இளையோர் சட்டமும் வரலாறும் கற்றுப் பேச வழி செய்தல் மற்றொன்று. முன்னோர் கொடுத்த விலையைப் பேரப்பிள்ளைகள் மறுமுறை கொடுக்க வேண்டியதில்லை என்னும் நாளே நம் மீட்பு நிறைவுறும் நாள். அந்நாள் விரைக, சங்கம் வாழ்க.